பந்திக்கு உட்கார ஓர் உறுப்பு

அப்பாவின் இரைப்பையை முழுவதுமாக எடுத்தாயிற்று என்று கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இனிமே சாப்பிடுறது எப்படிங்க செரிக்கும்?" பினாங்கின் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கியில் கேட்டார்கள். தண்ணீர்மலைக் கோயிலில் கேட்டார்கள். அப்பாவின் பழைய கூட்டாளிகள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்து கேட்டார்கள். அக்கறையோடுதான் கேட்கிறார்கள், அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் "நல்லாவே செரிக்குது" என்று பதில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்காகத் தலையாட்டிவிட்டு, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு மறுபடியும் அதையே கேட்கிறார்கள். புற்றுநோய் என்பதைவிட வயிறே இல்லை என்பதுதான் அவர்களை அதிகம் கலக்குகிறது. சாப்பாடு செரிப்பது இரைப்பையில்தான், இரைப்பை போனால் சாப்பாடும் போயிற்று என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

அப்பா ஒன்றை இழந்திருக்கிறார் என்பது உண்மை. அது இன்னது என்று சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று மனம் நெடுநாளாகக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஓர் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஆண்டுதோறும் இரண்டாம் படிவ மாணவர்களுக்குச் செரிமான மண்டலத்தை வரைந்து பாகம் குறிக்கக் கற்றுத் தருகிறேன். வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், மலக்குடல். பக்கத்தில் கல்லீரல், பித்தப்பை, கணையம். எந்த நொதி எங்கே எதை உடைக்கிறது என்று ஓர் அட்டவணை. தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தப் படத்தில் பாதைதான் தெரிகிறதே தவிர நேரம் தெரிவதில்லை. உணவுக்குழாயின் 25 சென்டிமீட்டரை ஒரு கவளம் பத்து விநாடிக்குள் கடந்துவிடும். இரைப்பையில் அதே கவளம் மணிக்கணக்கில் கிடக்கும். எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சாப்பாடாக இருந்தால் இன்னும் கூடுதலாகக் கிடக்கும். சிறுகுடலில் மேலும் சில மணி நேரம். ஒன்றரை மீட்டரே நீளமுள்ள பெருங்குடலைத் தாண்ட ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். மாணவர்கள் போடும் அம்புக்குறிகள் எல்லாம் ஒரே நீளத்தில் ஒரே வேகத்தில் கீழே இறங்குகின்றன. நிஜ உடம்பில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு காத்திருப்பு உண்டு. அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய காரியம் என்பதை அப்பாவின் உடம்புதான் எங்கள் வீட்டுக்குக் காட்டியது.

கிட்டங்கி

அறுவை சிகிச்சைக்கு முந்தைய சந்திப்பில் மருத்துவர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டு வரைந்து காட்டினார். நடுத்தர வயதுச் சீனப் பெண்மணி, பொறுமைசாலி. இரைப்பையை ஒரு கோடு போட்டு அடித்தார். சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜுனத்தை மேலே இழுத்து, உணவுக்குழாயின் அடிமுனையோடு நேராகச் சேர்த்தார். முன்சிறுகுடலின் மேல்வாயை மூடினார், ஆனால் அதை எடுத்துவிடவில்லை. பித்தநீரும் கணையநீரும் அங்கேதான் வந்து இறங்குகின்றன, அவை இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதனால் அந்தத் துண்டை அப்படியே வைத்து, சுமார் அரை மீட்டர் கீழே உணவு வரும் பாதையில் கொண்டுபோய் இணைத்தார். ஆங்கில ஒய் எழுத்து மாதிரி இரண்டு கிளைகள் கூடி ஒன்றாயின. ஒன்றில் சாப்பாடு வரும், இன்னொன்றில் அதைச் செரிக்கும் நீர் வரும். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் செசார் ரூ என்ற அறுவை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய இணைப்பு முறை இது. அதே காலத்தில், 1897-இல், சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் ஒரு பெண்ணின் இரைப்பையை முழுவதுமாக அகற்றி, அவர் பிழைத்து எழுந்து சாப்பிட்டதை உலகுக்குக் காட்டிவிட்டார். ஆக, இரைப்பை இல்லாமல் மனிதர் வாழ முடியும் என்பது தெரிந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் கணக்கு எழுதுவதுதான் வாழ்நாள் வேலை. கொஞ்ச நேரம் கழித்து மருத்துவரிடம் மலாயில் ஒரு கேள்வி கேட்டார்: கிட்டங்கியை இடித்துவிட்டால், கப்பலிலிருந்து இறங்குகிற சாமான் நேராக ரோட்டுக்குத்தானே வரும்? மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆமாம் அங்கிள். அதனால் இனிமேல் கப்பல் சின்னதாகத்தான் வர வேண்டும், அடிக்கடி வர வேண்டும்" என்றார். அந்த அறையில் எனக்கு ஏதோ ஒன்று சட்டென்று நேரானது. நொதி அட்டவணையை இத்தனை காலம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இரைப்பையை இவ்வளவு சரியாக விளக்கிய வாக்கியம் எந்தப் பாடநூலிலும் என் கண்ணில் பட்டதில்லை. கிட்டங்கியில் எதையும் உற்பத்தி செய்வதில்லை. கப்பல் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டுவதை வாங்கி வைத்து, சாலை தாங்குகிற அளவுக்கு லாரி லாரியாக அனுப்புவதுதான் அதன் வேலை. அது இல்லாத துறைமுகத்தில் கப்பலும் காத்துக் கிடக்கும், சாலையும் அடைத்துக்கொள்ளும்.

இரைப்பை செய்கிற வேலையில் பெரும்பகுதி இதுதான். வெறும் வயிற்றில் நூறு மில்லிலிட்டர்கூடக் கொள்ளளவு இல்லாத ஒரு பை. நாம் விழுங்க விழுங்க அதன் மேல்பகுதித் தசை தானாகத் தளர்ந்து இடம் விடுகிறது. ஒன்று, ஒன்றரை லிட்டர் வரை உள்ளே போனாலும் அழுத்தம் அவ்வளவாகக் கூடுவதில்லை. கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று அலைகளாகச் சுருங்கி உணவைக் கடைகிறது. கடைசியில் இருக்கும் சுருக்குத்தசை, ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக இருக்கும் துணுக்குகளைப் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. திருப்பி அனுப்பி மறுபடியும் கடையவைக்கிறது. அதற்கு அடுத்த முன்சிறுகுடல் சும்மா வாங்கிக்கொள்வதும் இல்லை. வந்ததில் அமிலம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அறிந்து, இரத்தத்தின் வழியே சேதி அனுப்பி இரைப்பையை மெதுவாகப் போகச் சொல்கிறது; கணையத்தையும் பித்தப்பையையும் எழுப்பிவிடுகிறது. அந்தச் சேதிகளில் ஒன்றான செக்ரெட்டினை 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் கண்டுபிடித்தபோதுதான் ஹார்மோன் என்ற ஒன்று உடம்பில் இருப்பதே உறுதியானது. இவ்வளவு ஏற்பாடும் சேர்ந்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 3 கிலோகலோரி அளவுக்குத்தான் உணவைக் குடலுக்குள் இறக்குகிறது. கல்யாண இலைச் சாப்பாடு ஒன்று 900 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால், அது முழுவதும் குடலுக்குள் இறங்கி முடிய ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. நாமோ அதை இருபது நிமிடத்தில் சாப்பிட்டுக் கை கழுவிவிடுகிறோம்.

செரிமானம் என்று எதை நாம் நினைக்கிறோமோ அதில் பெரும்பகுதி சிறுகுடலில் நடக்கிறது. மாவுச்சத்து வாயிலேயே உமிழ்நீரால் உடையத் தொடங்கிவிடுகிறது, மிச்சத்தைக் கணையநீர் பார்த்துக்கொள்கிறது. கொழுப்பைப் பித்தநீர் சிறு துளிகளாகச் சிதறடிக்க, கணையத்தின் லைப்பேஸ் உடைக்கிறது. புரதம்தான் இரைப்பையின் பாடம் என்று வகுப்பில் சொல்வோம்; ஆனால் புரதச் செரிமானத்தில் இரைப்பையின் நொதியான பெப்சினின் பங்கு 10 முதல் 20 விழுக்காடுதான், மீதியைக் கணையத்தின் டிரிப்சினும் அதன் கூட்டாளிகளும் முடிக்கின்றன. உறிஞ்சுவதும் சிறுகுடலின் வேலை. அதன் உட்சுவர் மடிப்பு மடிப்பாக, மடிப்பின் மேல் குடலுறிஞ்சிகளாக, உறிஞ்சிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்களாக விரிகிறது. அதன் பரப்பு 250 சதுர மீட்டருக்கு மேல் என்று பழைய பாடநூல்கள் சொல்லிவந்தன. சுவீடனில் 2014-இல் மறுபடி அளந்து பார்த்தவர்கள் 30 முதல் 40 சதுர மீட்டர் என்றார்கள். குறைந்த கணக்கே போதும், அதுவே ஒரு வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது. நாம் ஒரு நாளில் குடிக்கும் இரண்டு லிட்டரோடு, உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தம், கணையநீர் என்று உடம்பே ஊற்றும் ஏழு லிட்டரும் சேர்ந்து ஒன்பது லிட்டர் குடலுக்குள் போகிறது. வெளியே வருவது 200 மில்லிலிட்டருக்கும் குறைவு. அப்பாவுக்கு இந்த இயந்திரம் முழுக்க அப்படியே இருக்கிறது. அதனால்தான் செரிக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

காயத்தின் வழியே கற்றது

இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதை மனிதர்கள் கண்ணால் பார்த்து ஆராய்ந்த கதை அப்பாவின் சிகிச்சைக்குப் பிறகு எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. 1822-இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில், கனடாவைச் சேர்ந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலித் தொழிலாளி மிக அருகிலிருந்து துப்பாக்கிக் குண்டு பட்டு விழுந்தார். இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்கவைத்தார். ஆனால் காயம் முழுதாக மூடவில்லை. வயிற்றின் இடப்பக்கத்தில் இரைப்பைக்குள் பார்க்கக்கூடிய ஒரு துளை நின்றுவிட்டது. போமான்ட் மாட்டிறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியே இறக்கி, மணிக்கொரு தரம் இழுத்துப் பார்த்தார். இரைப்பைநீரை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, உடம்பின் சூட்டிலேயே வைத்து, அதில் இறைச்சி கரைவதைக் காட்டினார். செரிமானம் வெறும் அரைப்பு மட்டும் அல்ல, அது ஒரு வேதிவினையும் கூட என்பது அப்படித்தான் ஐயத்துக்கு இடமில்லாமல் நிலைபெற்றது. கோபம் வந்தால் செரிமானம் கெடுகிறது என்பதையும் அவர் எழுதிவைத்தார். 1833-இல் அந்த ஆய்வுகளை நூலாக்கினார்.

போமான்ட்டின் பெயர் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. எனக்கு செயின்ட் மார்ட்டினைப் பற்றித்தான் அதிகம் பேசத் தோன்றுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத அவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். ஆய்வுப் பொருளாகவும் வீட்டு வேலைக்காரராகவும் இருந்தார். திரும்பத் திரும்பப் பட்டினி போடப்பட்டு, நூலில் கட்டிய இறைச்சியோடு உட்காரவைக்கப்பட்டார். போமான்ட் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்து 1880-இல் கண்ணை மூடினார். மருத்துவர்கள் அந்த இரைப்பையைக் கேட்டு வருவார்கள் என்று தெரிந்த குடும்பம், உடம்பு அழுகும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, பிறகு ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தது. இரைப்பையைப் பற்றி நான் வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு வரியும் அந்த மனிதரின் வலியிலிருந்து வந்தது. இப்போதெல்லாம் பாடம் தொடங்கும் முன் அவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிறேன்.

வேகம் கூடினால்

கிட்டங்கி இல்லை என்பதன் பொருள் ஒரு சாயங்காலம் தெரிந்தது. அப்பா தேறி நடமாடத் தொடங்கிய நேரம். கூட்டாளிகள் பாசத்தோடு அழைத்துப் போய் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில், உட்காரவைத்தார்கள். ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, கெட்டிப்பால் கலந்த தே தாரேக் தேநீர் ஒரு பெரிய கிளாஸ். வெறும் கிளாஸ்தானே என்று குடித்துவிட்டார். கால் மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றி மேசையில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்று நினைத்துக் கடைக்காரர் உட்பட எல்லோரும் பதறிவிட்டார்கள். படுக்கவைத்ததும் மெல்லத் தெளிந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கை நடுக்கம், வியர்வை. முதலில் வந்ததற்கும் இரண்டாவது வந்ததற்கும் காரணம் வெவ்வேறு. கெட்டிப்பாலின் சர்க்கரை எந்தத் தடையும் இல்லாமல் ஒரே மூச்சில் குடலுக்குள் இறங்கியதால், அதை நீர்க்கச்செய்ய இரத்தத்திலிருந்து தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்பட்டது. இரத்தத்தின் அளவு சட்டென்று குறைய, இதயம் ஓடத் தொடங்கியது. அது முதல் அலை. சர்க்கரை முழுவதும் ஒரே நேரத்தில் உறிஞ்சப்பட்டதால் கணையம் மிரண்டு இன்சுலினை அள்ளிவிட்டது. வேலை முடிந்த பிறகும் இன்சுலின் மிஞ்சி நின்று இரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளியது. அது இரண்டாவது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, எதுவும் செரிக்காமல் போகவில்லை என்பதுதான். எல்லாம் செரித்தது. ஒரே நேரத்தில் வந்ததுதான் சிக்கல். அதற்குப் பிறகு வீட்டில் வைத்த ஒழுங்கு எளிமையானது. நாளைக்கு ஆறேழு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் கிண்ணம். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. அரை மணி நேரம் விட்டுத்தான். இனிப்புப் பானம் தொடுவதில்லை. முட்டை, மீன், பருப்பு முன்னால், சோறு பின்னால். இரைப்பை கடைய வேண்டியதைப் பற்கள்தான் கடைய வேண்டும் என்பதால் ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். பல வாரம் போனதும் கிண்ணம் கொஞ்சம் பெரிதானது. குடல் தன் புதிய வேலைக்குப் பழகிக்கொள்கிறது. அதற்கு அவகாசம் கொடுத்தால் போதும்.

இரைப்பையோடு சேர்ந்து வேறு சிலவும் போயின, அவற்றையும் சொல்லியாக வேண்டும். அமிலம் போனதால், உணவோடு வரும் கிருமிகளை முதல் வாசலிலேயே கொல்லும் காவல் இல்லை. ஒட்டுக்கடை வெட்டுப்பழமும் ஐஸும் அப்பாவுக்குக் கூடாது. பினாங்குக்காரர் ஒருவருக்கு இது சின்ன இழப்பு இல்லை. இரும்பும் கால்சியமும் குறைவாக உறிஞ்சப்படுகின்றன, அதற்கு மாத்திரை. பி12 வைட்டமினின் கதை இன்னும் வியப்பானது. அதைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சிறுகுடலின் கடைக்கோடியில் சேர்க்கும் ஒரு புரதம் இரைப்பைச் சுவரில்தான் சுரக்கிறது. 1920களின் கடைசியில் பாஸ்டன் நகரில் வில்லியம் காசில் என்ற மருத்துவர் ஓர் ஆய்வு செய்தார். பி12 உடம்பில் சேராததால் வரும் கொடிய சோகை நோயாளிகளுக்கு வெறும் இறைச்சியைக் கொடுத்தால் பலன் இல்லை; நலமாக இருக்கும் ஒருவர் சாப்பிட்ட இறைச்சியை அவர் இரைப்பையிலிருந்து சற்று நேரத்தில் வெளியே எடுத்துக் கொடுத்தால் தேறினார்கள். வாசிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் இரைப்பை ஏதோ ஒன்றைச் சேர்த்துத் தருகிறது என்பதை அதைவிடத் தெளிவாக நிரூபிக்க அன்று வழி இல்லை. பி12 தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1948-இல். கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு இருக்கும், அதனால் குறை உடனே தெரியாது. தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) ஊசி போடுகிறார். இரைப்பை செய்ததில், வெளியிலிருந்து வாழ்நாள் முழுக்க ஈடுகட்டியே ஆக வேண்டிய வேலை இது.

பசியும் போய்விட்டது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. அப்பாவின் உடம்பில் அந்த ஊற்றே இல்லை. நம் ஊரில் யார் யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை "பசியாறியாச்சா?" என்பதுதான். அப்பா "பசி எடுக்கல, ஆனா சாப்பிட்டேன்" என்று நேர்மையாகப் பதில் சொல்வார். கேட்டவர்கள் அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பார்கள். கைப்பேசியில் மணி அடிக்கும்போது சாப்பிடுகிறார். ருசி இருக்கிறது, ஆசை இருக்கிறது, அம்மா வைக்கும் மீன் குழம்பின் வாசனை அடித்தால் அடுப்படிக்கு வருகிறார். வயிறு கூப்பிடுவது மட்டும் இல்லை.

ஏன் வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், சுருக்கமாக. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி அந்த அமிலக் குளத்திலேயே குடியிருக்கும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவரும் இதைச் சொன்னபோது உலகம் நம்பத் தயங்கியது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. 1994-லேயே அது புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. மலேசியாவில் மலாய்க்காரர்களிடம் அந்தக் கிருமி குறைவு, இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம். ஆனாலும் இரைப்பைப் புற்றுநோய் சீனர்களிடம் காணப்படும் அளவுக்கு இந்தியர்களிடம் இல்லை. நமக்கு வராது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது, அப்பாவே சாட்சி. எதற்கெடுத்தாலும் கேஸ்ட்ரிக் என்று சொல்லிக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் மிக அதிகம். வாரக்கணக்கில் விடாத வயிற்று எரிச்சலுக்கும், காரணம் இல்லாமல் இறங்கும் எடைக்கும், கறுத்துப் போகும் மலத்துக்கும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஊதிப் பார்க்கும் ஒரு சுவாசப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்துவிடும். நானும் என் உடன்பிறந்தவர்களும் செய்துகொண்டோம்.

இரண்டு பந்தி, ஓர் இலை

ஆக, அப்பா எதை இழந்தார்? இரைப்பை என்ற உறுப்பு இல்லாத உயிரினங்களும் உண்டு; சில மீன்களுக்கு உணவுக்குழாயிலிருந்து நேரே குடல்தான். அவை ஓயாமல் கொறித்துக்கொண்டே இருக்கும். நமக்கு இரைப்பை இருப்பதால்தான் ஒரு தடவை உட்கார்ந்து நிறையச் சாப்பிட்டுவிட்டு, மணிக்கணக்கில் சாப்பாட்டை மறந்து வேறு வேலை பார்க்க முடிகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பசித்து, ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் எழுந்திருக்க முடிகிறது. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை என்பதே இரைப்பை தரும் வசதி. கல்யாண விருந்து, தீபாவளிக் கறிச்சோறு, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் பந்தல் பந்தலாக நடக்கும் அன்னதானம் என்று எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பை விரிந்து கொடுக்கும் ஒன்றரை லிட்டர் இடம் இருக்கிறது. மனிதரோடு மனிதர் சேர்ந்து சாப்பிடுவதற்கான உறுப்பு அது என்றே நான் நினைக்கிறேன். அப்பாவின் இழப்பு அங்கேதான் இருந்தது. அவர் சாப்பிடும் நேரத்தில் வீட்டில் யாருக்கும் பசி இல்லை. நாங்கள் சாப்பிடும் நேரத்தில் அவர் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருப்பார். விருந்துக்கு அழைப்பு வந்தால் "நீங்க போயிட்டு வாங்க" என்று சட்டையை மாட்டாமலே உட்கார்ந்திருந்தார். உடம்பு தேறிய பிறகும் எடை ஏறவில்லை. மருந்தைவிட இதுதான் காரணம் என்று அம்மா அடித்துச் சொன்னார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

துறைமுகக் கூட்டாளி ஒருவர் தம் மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைத்தார். இப்போது மண்டபங்களில் பஃபே அதிகம். அவர் வீட்டில் இலை போட்டுப் பந்தி வைப்பதாகச் சொன்னார். அப்பா தயங்கினார். பந்தியின் கஷ்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றுவிடுவார்கள். நாம் வேண்டாம் என்று கையை நீட்டினாலும் பரிமாறுபவர் விரலிடுக்கில் சோற்றை விடுவார். இலையில் மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு. ஒரு வாயை முப்பது நாற்பது தடவை மெல்ல வேண்டிய மனிதர் அங்கே எப்படி உட்காருவது? கூட்டாளி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நீங்க எந்திரிக்கவே வேணாம். மொதப் பந்தியில உக்காருங்க. ரெண்டாம் பந்தி வந்தாலும் உங்க எலை உங்க எலைதான். நான் சொல்லி வச்சிடுறேன்."

அப்படியே நடந்தது. கடைசி வரிசை ஓரத்தில், காற்றோட்டமான இடத்தில் அப்பாவுக்கு இலை போட்டார்கள். பரிமாறும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் கூட்டும் பொரியலும் ஒரு கரண்டிக்குப் பாதியாக வந்தன. சோறு ஒரு கைப்பிடி. பாயசத்தின் பக்கம் யாரும் வரவில்லை. முதல் பந்தி எழுந்து போனது. அப்பா பருப்பை மென்றுகொண்டிருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் புது இலை விரித்தார்கள், புது ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் அப்பாவோடு அதே கப்பல்துறையில் வேலை பார்த்தவர்; எழுபதுகளில் வந்த ஒரு சரக்குக் கப்பலின் பெயரைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதமே நடந்தது. அந்த நேரத்தில் அப்பா இன்னொரு கைப்பிடி சோறும் ரசமும் கேட்டு வாங்கினார். மயக்கம் இல்லை, வியர்வை இல்லை. குடல் தாங்குகிற வேகத்தில், இரண்டு பந்தி ஆட்களோடும் உட்கார்ந்து ஒரு சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டு எழுந்தார்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் நான் முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிடுகிறேன். தாய்மார்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள், மண்டபப் பொறுப்பாளர்களுக்குத்தான் இரண்டு தடவை விளக்க வேண்டியிருக்கிறது. பரிமாறுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது மூன்று: அளவு பாதி, இனிப்பு வேண்டாம், இலையை எடுக்காதீர்கள். வீட்டிலும் இரவுச் சாப்பாட்டை ஒரு மணி நேரமாக நீட்டிவிட்டோம். அப்பா அவர் கிண்ணத்தோடு முதலில் உட்காருகிறார், நாங்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறோம். ஆவணியில் சுங்கை பட்டாணியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அங்கே மூன்று பந்தி நடக்கும் என்று தெரிந்ததும், மூன்றிலும் உட்காரப்போவதாக அப்பா இப்போதே அண்ணனிடம் சொல்லிவைத்துவிட்டார்.